அஜினுக்கு ஒரு பார்சல்

பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு முழங்கால்களாலும் அமுக்கிப் பிடித்தாள் சனோபர். அவள் அம்மா அப்ரோஸ் பேகம் ஜிப்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பாதி தூரம் வந்த ஜிப் அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னும் நல்லா அமுக்கு. அந்த ஊர்ல என்னத்தத் தின்னியோ, பெட்டி அமுங்குற அளவுக்குக்கூட ஒடம்புல கனம் இல்ல."

"மூடாதம்மா. தொற."

"ஏன், இன்னும் என்ன?"

"செல்லத்துரை அங்கிள் வீட்டுப் பார்சல் வரணும்ல. அதுக்கு எடம் வேணும்."

அப்ரோஸ் பேகத்தின் கை ஜிப்பிலிருந்து தானாக விலகியது. சனோபர் பெட்டியைத் திறந்து, அம்மா காலையில் கட்டி வைத்த மசாலாப் பொட்டலங்களில் இரண்டை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"நான் வறுத்து அரைச்சத வெளிய எடுத்துட்டு அடுத்த வீட்டுப் பார்சலுக்கு எடம் வைக்கிற. நல்லா இரு ஆத்தா."

வாசலில் ஹாரன் அடித்தது. அண்ணன் மன்சூர் அலி காரிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஏ புள்ள, ஏரோப்பிளேன் நம்ம ஊரு மினிபஸ்ஸு இல்ல. கையக் காட்டுனா நிக்காது."

வீரசோழன் ஊரில் யார் வெளிநாடு கிளம்பினாலும் பெட்டியில் பாதி இடம் மற்றவர்களுக்கு. குவைத்துக்குப் போகிறவர், குவைத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஊறுகாயும் கருவாடும் தைலமும் சுமப்பார். சனோபரைப் பெற்ற அத்தாவும் அப்படிச் சுமந்து போனவர்தான், இன்னும் அங்கேதான் இருக்கிறார். இப்போது கிர்கிஸ்தானுக்கு டாக்டர் படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அதே வழக்கம் வந்துவிட்டது. பார்சல் வேண்டாமென்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அது பேச்சாகிவிடும்.

அந்தப் பார்சல் திருச்சுழி உரக்கடை செல்லத்துரையின் மகன் அஜினுக்கு என்று ஊருக்கே தெரியும். அது அஜினிடம் போய்ச் சேருவதில்லை என்பது சனோபருக்கு மட்டும்தான் தெரியும்.

அஜினும் அவளும் ஒரே விமானத்தில் பிஷ்கெக் போய் இறங்கியவர்கள். இரண்டாம் வருஷத்துக் குளிரில் ஒரு நாள் அஜினின் அறைக்கதவு திறந்து கிடந்தது. மெத்தை சுருட்டப்பட்டிருந்தது. ஆள் இல்லை. அன்று மாலை போன் வந்தது. 'போலந்துல ஒரு கம்பெனியில வேலைக்குப் போறேன் சனோ. படிப்பு நமக்கு ஓடல. நேரம் பாத்து அப்பாட்ட நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீ சொல்லிராத.' அதற்குப் பிறகு அந்த நம்பர் அவளுக்கு எடுக்கவே இல்லை. அப்பாவிடம் அவன் இன்றுவரை சொல்லவும் இல்லை.

ஆக, பொய் முழுவதும் இவள் தலையில். போன வருஷம் குளிர்கால விடுமுறை முடிந்து ஒரு பார்சலை இவளே சுமந்து போனாள். நடுவில் ஒரு சீனியர் மாணவி வழியாக இன்னொன்று வந்தது. இன்று மூன்றாவது.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். விமானம் ஏறுவதற்குள் அஜினைப் பெற்றவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ராத்திரி முழுக்க அவள் யோசித்து எடுத்த முடிவு அது.

அப்ரோஸ் பேகம் வாசல் வரைதான் வந்தாள். "ஏர்போர்ட்டுல வந்து நின்னு அழ என்னால ஏலாது. ஒங்க அத்தாவையே நான் இந்த நிலைப்படியில நின்னுதான் அனுப்பி வைப்பேன். பிஸ்மி சொல்லி வண்டியில ஏறு." மகளின் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. கார் தெரு முனை திரும்பும்போது, பின்கண்ணாடியில் வெறும் வாசல்தான் தெரிந்தது.

திருச்சுழியில் அஜினைப் பெற்றவர்கள் இருவரும், கூடவே வந்து வழியனுப்ப உரக்கடை வாசலிலேயே நின்றிருந்தார்கள். செல்லத்துரை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காலில், கணுக்காலை மூடிய கனத்த கறுப்பு பூட்ஸ். பக்கத்தில் அவர் மனைவி எலிசபெத், வெள்ளைத் துணியில் தைத்த பார்சலைக் கைக்குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தாள்.

அந்தத் தையல் சனோபருக்கு நன்றாகத் தெரியும். உரச்சாக்கைத் தைக்கிற கோணி ஊசியில் சணலைக் கோத்து, நெருக்கமாகப் போட்ட தையல். அறுக்காமல் திறக்க முடியாது. இரண்டு முறையும் அவள் நகவெட்டியால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, என்ன இது காலுல?" மன்சூர் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டான். "ஆவணி வெயிலு மண்டையப் பொளக்குது. நீங்க பட்டாளத்துக்குப் போற மாதிரி வாரீக."

"சிரிப்பா சிரிக்காதப்பா. காரணம் இருக்கு, வண்டிய எடு, சொல்றேன்."

செல்லத்துரை முன்சீட்டில் ஏறினார். எலிசபெத் பின்னால் சனோபரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பார்சல் இருவருக்கும் நடுவில்.

ஊர் எல்லை தாண்டியதும் செல்லத்துரை சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பின்னால் நீட்டினார். புத்தம் புதிது.

"இந்தா பாரு சனோபரு. டிசம்பர்ல வாரேன். டிக்கெட்டு போட்டாச்சு. கிறிஸ்மஸ் அன்னைக்கு நான் அங்க இருப்பேன். அவன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுராத. காலேஜ் வாசல்ல போயி நின்னு, 'ஏலே அஜினு'ன்னு ஒரு சத்தம் குடுக்கணும். அவன் மூஞ்சியப் பாக்கணும்."

சனோபர் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பனியில வழுக்குமாம்ல. அதான் பூட்ஸு. இப்பவே போட்டுப் பழகிக்கிறேன். கடையில ஒரு வாரமா இதோடதான் நடமாட்டம்."

"யூரியா வாங்க வாரவுக எல்லாம் இவுக காலப் பாத்துட்டுத்தான் வெலையே கேக்காக" என்றாள் எலிசபெத், சன்னலைப் பார்த்தபடி. "டிக்கெட்டு போட்டது எனக்கே நேத்துதான் தெரியும்."

கார் ஓடியது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். நடுநடுவே விறகைக் கரியாக்கும் மூட்டத்துப் புகை, நேராக எழும்பிக் காற்றில்லாமல் நின்றது. தண்ணீரில்லாத கண்மாய்க்குள் பையன்கள் மூன்று குச்சி நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு இன்னும் நாள் கிடந்தது. உழுது போட்ட கரிசல், விதைக்காமல் பிளந்து கிடந்தது.

'சொல்லு' என்றது மனசு. சொல்ல வாயெடுத்தாள்.

"மொதப் பார்சல் கெடச்சதும் என்ன சொன்னான் தெரியுமா?" செல்லத்துரை முந்திக்கொண்டார். "ஞாயித்துக்கெழம சர்ச்சு விட்டு வந்ததும் பேசுவான்ல. படம் தெரியாது, நெட்டு சரியில்லம்பான். 'அப்பா, முறுக்குல இந்தத் தடவ எள்ளு தூக்கல்'ங்கான். நாக்கப் பாருங்களேன், அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு."

சனோபர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முறுக்கில் எள் தூக்கலாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் தின்றது அவள். போலந்தில் இருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? ஏதோ குத்துமதிப்பாக அடித்துவிட்டிருப்பான் என்று தள்ளிவிட்டாள். தள்ளினாலும் அது போகாமல் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது.

அந்த முறுக்கைத் தின்ற சாயங்காலத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அறைத்தோழி ஊருக்குப் போயிருந்தாள். வெளியே பனி, சத்தமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாக அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆள் இல்லாமல் இல்லை. மெஸ்ஸில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. ஆனால் வந்த புதிதில் அவள் 'சார் வாராக' என்று சொன்னதை ஈரோட்டுக்காரியும் சென்னைக்காரியும் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை, விளையாட்டுத்தான். ஆனாலும் அவள் நாக்கை மாற்றிக்கொண்டாள். அஜின் இருந்தவரை ஒரு வழி இருந்தது. மாடிப்படியில் பார்க்கும்போது, 'என்ன புள்ள, நம்ம பக்கம் மழை உண்டுமா?' என்பான். 'எங்குட்டு, தூத்தலோட போயிருச்சாம்' என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அன்றைய நாள் முழுக்க அது போதும்.

அவன் போன பிறகு அதுவும் இல்லை.

அன்றைக்குத்தான் பார்சலை அறுத்தாள். யாருடைய அம்மாவோ யாருக்கோ செய்தது. தொடக்கூடாது என்று ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். அப்புறம் ஒரு முறுக்கு. அப்புறம் பாட்டிலில் இருந்த நிலக்கடலைப் பொடி. அந்த ஊர் வட்ட ரொட்டியைப் பிய்த்து, பொடியில் எண்ணெய் விட்டுக் குழைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்றாள். கண்ணில் நீர் வந்தது. உறைப்பு என்று தனக்குத் தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். இரண்டு நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

அடுத்த பார்சலுக்கு ஒரு வாரம் காத்திருக்கவில்லை. வந்த அன்றே அறுத்தாள்.

"காரியாபட்டி வருது" என்றாள் எலிசபெத் திடீரென்று. "மன்சூரு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை இருக்கும், புளியமரத்து நிழல்ல. அங்க நிறுத்துப்பா. ஒரு வாய் டீ குடிச்சாத்தான் தலவலி நிக்கும்."

"நேரமாச்சு எலிசா" என்றார் செல்லத்துரை.

"ஒரு டீக்கு என்ன நேரமாயிரும்."

அவள் அப்படி அழுத்திப் பேசிச் சனோபர் கேட்டதில்லை.

நிழலில் காரை நிறுத்த இடமில்லாமல் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே நின்றது. பின்சீட்டில் பெரிய சதுரப் பை கட்டி, கறுப்புக் கண்ணாடி இறக்கிய ஹெல்மெட்டோடு ஒல்லியாக ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"இந்த வெயில்லயும் ஹெல்மெட்டக் கழட்டாம உக்காந்திருக்கான் பாரு" என்றான் மன்சூர். "போலீஸு சொல்லிக்கூட எவனும் இம்புட்டுக் கட்டுப்பட மாட்டான்."

செல்லத்துரை இறங்கி, பூட்ஸ் சரக் சரக்கென்று அவன் பக்கம் போனார். "தம்பி, வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்துப்பா. கார் நிக்கணும்."

அவன் பதில் சொல்லவில்லை. இறங்கவும் இல்லை. உட்கார்ந்தபடியே இரண்டு காலாலும் தரையை உந்தி உந்தி வண்டியைப் பின்னால் நகர்த்தினான். ஹெல்மெட் மட்டும் குனிந்திருந்தது, செல்லத்துரையின் பூட்ஸையே பார்ப்பது போல.

"நல்லா இருப்பா" என்று அவன் தோளில் தட்டிவிட்டு வந்தார்.

டீ வந்தது. தலைவலி என்றவள் டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ஆறிப் போனது. தள்ளுவண்டியில் அவித்த நிலக்கடலை வாங்கிவந்த மன்சூர் பொட்டலத்தை நீட்டினான்.

"எடுங்க அண்ணாச்சி."

"வேண்டாம்ப்பா. கடலைய விட்டே பல வருசமாச்சு."

"ஏன், பித்தமா?"

"அட, எனக்கில்ல. அஜினுக்கு ஆகாது. சின்னப் பிள்ளையில ஒரே ஒரு கடலை உருண்டை தின்னான். மூஞ்சி, கண்ணு, ஒதடு எல்லாம் வீங்கி மூச்சு முட்டிருச்சு. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். அன்னையில இருந்து எங்க வீட்டு வாசல்ல கடலை ஏறுனதில்ல. தாளிக்கக்கூட நல்லெண்ணெய்தான்."

சனோபர் டம்ளரைக் கடைப் பெஞ்சில் வைத்தாள்.

கடலை ஏறாத வீடு. அந்த வீட்டிலிருந்து வந்த இரண்டு பார்சலிலும் கடலைப்பொடி.

அவள் திரும்பி எலிசபெத்தைப் பார்த்தாள். எலிசபெத் சாலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்காரன் வண்டியைக் கிளப்பி, மதுரைப் பக்கம் போய் மறையும் வரைக்கும் அந்தப் பார்வை மாறவில்லை.

"போலாம்" என்றாள் பிறகு.

விமான நிலையம் வரை செல்லத்துரை பனியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அதைக் கையில் அள்ளினால் எத்தனை நேரம் கரையாமல் இருக்கும் என்று கேட்டார். ஊருக்கு ஒரு டப்பாவில் கொண்டுவர முடியாதுதான், தெரியும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

வாசலில் பெட்டியை இறக்கியதும் போலீஸ்காரர் விசிலடித்தார். மன்சூர் காரைத் தள்ளி நிறுத்தப் போனான். "நான் தள்ளுவண்டி எடுத்துட்டு வாரேன், நீங்க நில்லுங்க" என்று செல்லத்துரை எதிர்ப்பக்கம் நடந்தார்.

இரண்டு பெண்களும், நடுவில் ஒரு பெட்டியும், அதன் மேல் தைத்த பார்சலும்.

இனி நேரமில்லை.

"ஆன்ட்டி."

"சொல்லு தாயி."

"போன பார்சல்ல கடலைப்பொடி இருந்துச்சு."

எலிசபெத் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உறைப்பு சரியா இருந்துச்சா?"

சனோபர் தலையாட்டினாள். மாதக்கணக்கில் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

"நீ கருவாடு தொடமாட்ட, கடலைப்பொடின்னா உசிரு. அஜின்தான் சொன்னான். எங்க வீட்டுல இடிக்க முடியாதுல்ல, பாலவனத்தத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயி இடிச்சு பாட்டில்ல அடைச்சு எடுத்து வந்தேன். அவுக பாத்துறக் கூடாதுன்னுதான் அந்தத் தையலு. இதுலயும் இருக்கு. ஒனக்குத்தான்."

"அப்ப அவன் காலேஜுல இல்லைன்னு ஒங்களுக்கு..."

"மொதல்லயே தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் ஒன்ட்ட 'அஜினு சாப்ட்டானா'ன்னு கேட்டேன். நீயும் 'சாப்ட்டான் ஆன்ட்டி'ன்ன. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கோம்."

"ஏன் ஆன்ட்டி என்ட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ சுமக்குறது இன்னும் கூடிப்போகும். இப்பயும் சொல்லியிருக்க மாட்டேன். அவுக டிக்கெட்டு போட்டுட்டாகளே. அந்தக் காலேஜு வாசல்ல பூட்ஸோட போயி நிப்பாகளே தாயி. நெனச்சுப் பாரு." அவள் குரல் உடைந்து, மறுபடி நேரானது. "அவுக மொகத்துக்கு நேரா இத நான் எப்படிச் சொல்லப் போறேன்னு தெரியல. சர்ச்சுல எல்லார் முன்னாடியும் மகனுக்காக நன்றி சொன்ன மனுசன்."

தூரத்தில் செல்லத்துரை ஒரு தள்ளுவண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சக்கரம் ஒன்று திரும்ப மறுத்தது. குனிந்து அதைப் பூட்ஸ் நுனியால் தட்டிப் பார்த்தார்.

"முறுக்குல எள்ளு தூக்கல்னு அவன் சொன்னது..."

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்ப ஒங்ககிட்ட பேசுறான். போலந்துல நல்லா இருக்கானா?"

"அவன் போலந்துக்குப் போகவே இல்ல." எலிசபெத் கணவர் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. "மதுரையில ரூமு எடுத்து இருக்கான். வீடு வீடா பார்சல் கொண்டுபோயிக் குடுக்குற வேலை. அங்க தனியா இருக்க முடியலைன்னு ஓடி வந்தவன், இங்க அதவிடத் தனியாக் கெடக்கான். நேத்து போன்ல ஒரே அழுகை. அப்பாவப் பாக்கணும், பேசக்கூட வேண்டாம், பக்கத்துல நின்னு ஒரு தடவ பாத்துட்டுப் போயிருறேம்மான்னான்."

தள்ளுவண்டி ஒரு வழியாகத் திரும்பியது. செல்லத்துரை வெற்றியோடு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, அதைத் தள்ளிக்கொண்டு இவர்களை நோக்கி வர ஆரம்பித்தார். சரக், சரக்.

"நடந்தான்னா நடைய வச்சே அவுக கண்டுபிடிச்சிருவாக" என்றாள் எலிசபெத், உதடு அசையாமல். "அதான் வண்டிய விட்டு எறங்காதன்னு சொல்லி வச்சிருந்தேன். காரியாபட்டியில அவுக தோளுல தட்டிக் குடுத்துட்டு வந்தாகள்ல, ஹெல்மெட்டு போட்ட பையன்."

"ஆமா."

"அவந்தான் தாயி அஜினு."